தரையிறங்கிய பின்

விமானம் தரையிறங்கி நின்றுவிட்டது. பின்பக்கக் கழிவறையில் கிளம்பிய புகை இருக்கைகளின் தலைமட்டம் வரை தாழ்ந்துவிட்டது. கூரை விளக்குகள் புகைக்குள் அழுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. நடுக்கதவோரம் பணிப்பெண் ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் விமானியறைத் தொலைபேசியுமாக நிற்கிறாள். “சார், திறந்துடட்டுமா?” “இன்ஜின் இன்னும் நிக்கலம்மா. நான் சொல்ற வரைக்கும் திறக்காதே.” குழந்தையின் மூக்கை ஈரத்துணியால் பொத்தியிருக்கும் ஒரு தாய், பணிப்பெண்ணின் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். “தரைக்கு வந்துட்டோமேங்க, இன்னும் எதுக்குக் காத்திருக்கோம்?” “இதோ, இப்போ சொல்லிடுவார்மா.” சன்னலுக்கு வெளியே நல்ல வெயில். சுழலும் இன்ஜினை நெருங்க முடியாமல் தீயணைப்பு வீரர்கள் தூரத்தில் நின்று கையை ஆட்டிக் கத்துகிறார்கள். வாய் அசைவது மட்டுமே தெரிகிறது. பின்வரிசைகளில் கூச்சல் ஒவ்வொன்றாக அடங்குகிறது. சட்டையைப் பிடித்திருந்த கை நழுவி விழுகிறது. இனி பொறுக்க முடியாமல் பணிப்பெண் கைப்பிடியை இழுக்கிறாள். விரல்கள் மடங்க மறுக்கின்றன. முழங்கால் துவண்டு, கதவில் சாய்ந்தபடியே சரிகிறாள். இன்ஜின் இரைச்சல் மெல்ல ஓய்கிறது. தொங்கிக்கொண்டிருக்கும் தொலைபேசியில் விமானியின் குரல் வருகிறது: “நிறுத்திட்டேன்மா. இப்போ திற. எல்லாரையும் இறக்கிடு. கேக்குதாம்மா?”