காந்தம் வேண்டாம்

தையல் மேசையிலிருந்து குண்டூசி டப்பா கவிழ்ந்தது. வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அவள், துணி வெட்டும்போது தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அதில்தான் போட்டு வைப்பாள். ஊசிகளும் மோதிரமும் வெட்டுத்துணிக் குவியலுக்குள் மறைந்துவிட்டன.

"நகரு, நான் கையாலேயே தேடித் தர்றேன்" என்று அவசரமாகக் குனிந்தார் அவள் கணவர், அறிவியல் வாத்தியார்.

"எதுக்கு ஊசியில கையைக் குத்திக்கணும்? காந்தம் இருக்கே. கலவையை எப்படிப் பிரிக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவரு நீங்கதானே?"

"காந்தம் வேண்டாம்னா வேண்டாம்!"

வாத்தியார் ஊசி குத்துவதையும் பார்க்காமல் குவியலைக் கிளறினார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கையில் காசில்லாமல், தங்க முலாம் பூசிய இரும்பு மோதிரத்தைத்தான் அவள் விரலில் போட்டிருந்தார். அதைச் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. இப்போது காந்தம் சொல்லிவிடும்.

அவள் கேட்கவில்லை. காந்தத்தைக் குவியலுக்குள் விட்டுத் துழாவினாள். முள்ளம்பன்றி மாதிரி ஊசிகள் அப்பிக்கொண்டு வந்தன. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"கிடைச்சிடுச்சு!"

கண்ணைத் திறந்தார். மோதிரம் துணியிலேயே கிடந்தது. அதன் மேலேயே காந்தத்தை வைத்தும் அசையவில்லை.

"இது... ஒட்டலையே?"

"தங்கம் எப்படிங்க ஒட்டும்? நீங்க போட்டது முதல் மழைக்காலத்துலயே துருப்பிடிச்சுப் போச்சு. தையல் காசுல அதே மாதிரி செஞ்சு போட்டுக்கிட்டேன்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். சரி வாத்தியாரே, இரும்பு துருப்பிடிக்கிறது என்ன மாற்றம்?"

"வேதியியல் மாற்றம்" என்றார் வாத்தியார்.

"விடை சரி. மிச்ச ஊசியை நீங்க கையாலேயே பொறுக்குங்க."