கடலுக்குள் எடுத்த படம்

கல்யாண வீடுகளில் படம் எடுப்பதாகச் சொல்லித்தான் சோலைராஜ் ராமேஸ்வரம் போய்வந்தான். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி மீன்களைப் படம் பிடிப்பதை அம்மாவிடம் மறைத்துவிட்டான். மூத்த மகனைக் கிணற்றில் பறிகொடுத்த பஞ்சவர்ணம், தண்ணீரைக் கண்டாலே நடுங்குவாள்.

அவன் கடலுக்குள் எடுத்த ஆமைப் படம் அன்று வாரப் பத்திரிகையில் அவன் பெயரோடு வந்துவிட்டது. பதறிப்போய் மதுரையிலிருந்து அலங்காநல்லூரில் அம்மா இருந்த வீட்டுக்கு வண்டியை விரட்டினான். வீடு திறந்து கிடந்தது.

"ஒங்க அம்மா கெணத்துப் பக்கம் போனாகப்பா. கையில ஏதோ புஸ்தகம் வச்சிருந்தாக" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மூச்சிரைக்க ஓடினான். கிணற்று மேட்டில் அம்மாவின் செருப்பும் அந்தப் பத்திரிகையும் கிடந்தன. எட்டிப் பார்த்தான். தண்ணீரில் அம்மாவின் சேலை தெரிந்தது.

"அம்மா!" என்று அலறிக்கொண்டே குதித்தான்.

"அடேய், மேல விழுந்துறாத!" என்று கையைக் காலை அடித்து ஒதுங்கினாள் பஞ்சவர்ணம். அவள் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி கிணற்றின் உள்படியில் உட்கார்ந்திருந்தாள் அத்தை.

"என்னம்மா பண்ற?"

"நீ கடல்ல முங்குறது எனக்குப் போன வருசமே தெரியும். வேணாம்னா கேக்கவா போற? அதான் நீச்சல் பழகுறேன். நாளைக்கு ஒண்ணுன்னா ஒன்னையத் தூக்க ஆளு வேணும்ல?"