பாதிச் சோறு

“இன்னைக்கு அண்ணன் தட்டுல பாதியை நீங்க சாப்பிடுங்கப்பா.”

வாய்க்குப் போன அப்பாவின் கை பாதியில் நின்றது.

அண்ணன் சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது அவளுக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. ‘எங்க பரம்பரையிலேயே என் பொண்ணுதான் முதல் பட்டதாரி’ என்று தெருவெல்லாம் பீற்றிக்கொள்கிற மனுஷன், வீட்டில் அவள் வாயைத் திறந்தால் ‘படிச்ச திமிரு’ என்பார்.

மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து அண்ணனுக்கு ஒரே பேச்சு: சோற்றில் எதையோ கலக்குகிறார்கள்.

தட்டு வந்ததும் நடுவில் விரலால் கோடு கிழிப்பான். அம்மா ஒரு பாதியைத் தின்று முடித்தால்தான் மறுபாதியைத் தொடுவான்.

“சோத்துல விஷம் வைக்கிறோமாம் டாக்டர்!” என்று அப்பா போய்ச் சொன்னார். டாக்டர் தலையாட்டி மருந்தைக் கூட்டினார். குணமில்லை. இன்னும் கூட்டினார்.

அம்மாவோ அடுப்படியில் நின்றபடியே தூங்கினாள். தண்ணீர் ஊற்றினால் பாதி டம்ளருக்கு வெளியே போனது. கை அப்படி நடுங்கியது. கும்பகர்ணனுக்குத் தங்கச்சி என்று அப்பா கேலி செய்வார். வயசாயிடுச்சு என்று அக்கம்பக்கம் ஒத்து ஊதியது.

மகளும் அதை நம்பித் தொலைத்தாள், இன்று காலை சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் அந்தச் சின்னப் புட்டி அகப்படும்வரை. டாக்டர் அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த, மணமில்லாத, ருசியில்லாத சொட்டு மருந்து.

அண்ணனுக்குத் தயாராக இருந்த தட்டை இப்போது அப்பா பக்கம் தள்ளினாள்.

“வெறும் சோறுதானே? சாப்பிடுங்க.”

“எனக்கென்ன பைத்தியமா, அதைச் சாப்பிட?”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா இருந்த பக்கம் திரும்பாமல் தண்ணீரைக் குடித்தார்.

அவள் தட்டை இன்னும் அவர் பக்கம் நகர்த்தினாள். அம்மா ஒன்றும் தெரியாத ஜென்மம், அதற்குப் போய் இத்தனை நாளாக...

அம்மா நடுங்குகிற கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“விடுடி. கலக்குறதே நான்தான். பாதியாவது அவன் வயித்துக்குள்ள போகுதுல்ல.”

யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோர்மேலும் பட்டாள்.

தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினாள். வேறு தட்டில் புதுச்சோறு போட்டாள்.

“அவன்கிட்ட மட்டும் சொன்னே, அப்புறம் இந்த வீட்டுல நீ...”

அப்பா முடிப்பதற்குள் அவள் நிலைப்படியைத் தாண்டி அண்ணன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கையில் சோறு. மறுகையில், மறைக்காமல், புட்டி.