அறுநூற்று நாற்பது

தினமும் முதல் நோயாளி வருமுன், மூடிமேல் டேப் ஒட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்றை அவள் ஸ்கேன் மெஷினுக்குள் வைத்து, தண்ணீர் எவ்வளவு அசைகிறது என்று அளப்பாள். பாட்டிலில் தண்ணீர் தாராளமாக அசையும். திரையில் இரண்டாயிரம் என்று வந்தால் மெஷின் சரி. கட்டிக்குள் செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் தண்ணீருக்கு அசைய இடமிருக்காது. எண் குறையக் குறையக் கட்டி பொல்லாதது. போன வாரம் தங்கையின் தலைக்குள் இருந்த கட்டியை அவளேதான் அளந்தாள். அறுநூற்று நாற்பது.

இன்று காலை பாட்டில் அறுநூற்று நாற்பது காட்டியது. மூன்று முறை அளந்தும் மாறவில்லை.

"வேற பாட்டில் வெச்சுப் பாருங்க மேடம்," என்றார் உடன் வேலை பார்ப்பவர். "தண்ணிக்கும் வயசாகுமில்ல."

வேறு பாட்டில் இரண்டாயிரம் காட்டியது. மெஷினில் குறையில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனுக்காகப் பத்து மணிக்குத் தங்கை வந்தாள். "என் மண்டையில மூளை இருக்கான்னும் அப்படியே பார்த்துச் சொல்லுக்கா," என்று சிரித்தபடி படுத்தாள்.

திரையில் கட்டியின் மேல் அதே இடத்தில் அவள் வட்டம் போட்டு அளந்தாள். இரண்டாயிரம்.

டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "வெறும் தண்ணிம்மா. ஆபரேஷனே வேண்டாம்."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

தங்கை போனதும் காலையில் ஒதுக்கிய பாட்டிலை எடுத்தாள். அந்தக் குளிர் அறையில் அது உடம்புச் சூட்டோடு இருந்தது. வாஷ்பேசினில் கொட்டப் போனவள் மூடியைத் திருகாமல் நிறுத்தினாள். கொட்டினால் இது அடுத்து யாரிடம் போகும்?

உடன் வேலை பார்ப்பவர் அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பும்வரை, அதைக் கொஞ்சமும் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.