வட்டம் போடாத மாதங்கள்

கணவனின் பழைய யூனிஃபார்மில் போன வருடத்து டைரி கிடைத்ததும் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதத்தில் மூன்று தேதிகளுக்கு மட்டும் சிவப்பு வட்டம்!

“யாரைப் பார்க்கப் போன நாள் இதெல்லாம்? மார்ச்சோட நின்னு போச்சே, அவகூட சண்டையா?”

“முதல்ல டாக்டர்கிட்ட போலாம் வா. ஒரு வாரமா தலை சுத்துதுங்கறே” என்றான் பஸ் டிரைவரான கணவன்.

“பேச்சை மாத்தாதீங்க!” டைரியைக் கைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டரம்மா பி.பி. பார்த்தார். “நூத்தி அறுபது! என்ன வயசு?”

“நாப்பத்தொண்ணு. இவரால ஏறினதுதான்.”

“பீரியட்ஸ் வருதா?”

“நின்னு போச்சு. எப்பன்னு ஞாபகமில்ல. விட்டது தொல்லைன்னு இருந்துட்டேன்.”

“போன வருஷம் மார்ச் ஒன்பதுதான் கடைசி, டாக்டர்” என்றான் கணவன். “டைரியில வட்டம் போட்டிருக்கேன்.”

“நீங்க எதுக்குக் குறிச்சு வச்சீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“அந்த மூணு நாள் வலியில சுருண்டுடுவா. காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கினா, சாயங்காலச் சமையலை நான் பார்த்துக்கலாமே.”

தையல்காரி கைப்பையிலிருந்து டைரியை எடுத்து மார்ச் பக்கத்தைப் புரட்டினாள்.

“இவ்வளவு சீக்கிரம் நின்னவங்களுக்கு பி.பி. ஏற வாய்ப்பு அதிகம். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க” என்ற டாக்டரம்மா, மாத்திரையும் டெஸ்ட்டும் எழுதி, பதினைந்தாம் தேதி மறுபடி வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “அந்த நாள்ல காலை ஷிஃப்ட் தானா விழுதுன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்?”

அவன் சிரித்தான். அவள் அவனுடைய சட்டைப் பையிலிருந்து இந்த வருடத்து டைரியை உருவி, பதினைந்தாம் தேதிக்குத் தானே ஒரு வட்டம் போட்டாள்.