அப்பா தூங்குகிறார்

“மெதுவா பேசு. அப்பா பின்னால தூங்கறார்!”

வாடகைக் கேரவனிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, மெத்தைக் கடைக்காரர் தங்கையிடம் சொன்னது இதுதான். சொல்லி முடிப்பதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. தூங்குவதற்கு அப்பா வண்டியில் இருந்தால்தானே!

கொஞ்சம் முன்னால்தான், தெருமுனையில் வண்டியை நிறுத்தி, “அப்பா, வீடு வந்தாச்சு, சட்டையை மாத்திக்குங்க” என்று பின்கதவைத் திறந்தார். அவர் கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட உசத்தி மெத்தை இருந்தது. அதன்மேல் சுருக்கம் விழாத விரிப்பு இருந்தது. அப்பாவைத்தான் காணவில்லை.

“காலையில டீசல் போட நிறுத்தினோமே, அங்க இறங்கியிருப்பார்” என்றாள் மனைவி. “நீங்க பார்க்காம வண்டியை எடுத்துட்டீங்க.”

“வாயை மூடிட்டு வா. அவளுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்.”

போகத்தானே செய்யும்? அப்பா வருஷம் முழுக்க இருப்பது தங்கை வீட்டில். ஒரு வாரத்துக்கு முன்னால் இதே வாசலில் நின்று, “வருஷம் பூரா நீயே பார்த்துக்கறே. இந்த ஒரு வாரம் நான் பார்த்துக்கறேன். கிராமம் கிராமமா கூட்டிட்டுப் போய் நம்ம சொந்தக்காரங்க எல்லாரையும் காட்டிட்டு வரேன்” என்று மார்தட்டிக் கூட்டிப்போனவர் அவர்.

“வயசானவர் அண்ணா. வழியில அடிக்கடி இறங்கணும்பார்” என்று தங்கை இழுத்தபோது, “உள்ளங்கையில வெச்சுத் தாங்கறேன், போதுமா?” என்றார்.

முதல் நாள் வழிநெடுக இறங்கி ஏறினார் பெரியவர். மறுநாளே முன்சீட்டிலிருந்து பின்னால் மெத்தைக்கு மாற்றப்பட்டார். நடுவில் தடுப்பு. கூப்பிட்டால் முன்னால் கேட்காது. வண்டி வேகமாகப் போயிற்று.

தங்கை தையல்காரி. முன்னறையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, தைக்கிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“அப்பா உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார்.”

“ராத்திரி எங்க தங்கினீங்க? சாப்பிட்டாரா?”

“உங்க அண்ணியோட அக்கா வீட்டுலதான். அப்பா வண்டியிலயே படுத்துக்கிட்டார். வயிறு நிறைய சாப்பிட்டார். அண்ணிதான் தட்டுல போட்டு எடுத்துட்டுப் போனா.”

மனைவி சட்டென்று நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

“காலையில?”

“பாலும் ரொட்டியும்.”

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. மட்டப் பஞ்சை உயர்ந்த பஞ்சு என்று விற்றுப் பழகிய நாக்கு அல்லவா? அப்பாவை வைத்தும் அது அதே சரளத்தோடு பேசியது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போய், டீசல் பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு விசாரித்தார்.

“கேமராவுல பார்த்துட்டேன் சார்” என்றான் அங்கிருந்தவன். “உங்க வண்டி வந்தது, டீசல் போட்டது, போனது. பின்கதவு திறக்கவே இல்ல. பெரியவர் யாரும் இறங்கல.”

அங்கே இறங்கவில்லை என்றால் அப்பா வேறு எங்கே?

திரும்பி வந்தபோது தங்கை காபி டம்ளரோடு வாசலுக்குக் கிளம்பியிருந்தாள்.

“அப்பாவை எழுப்பிக் கொடுத்துட்டு வரேன்.”

“குடு, நான் கொடுக்கறேன்.” டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு குறுக்கே நின்றார்.

“ஏன் அண்ணா, நான் போய்ப் பார்க்கக் கூடாதா?”

அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை.

“அப்பா வண்டியில இல்லம்மா. வழியில எங்கயோ விட்டுட்டேன்.” தலை நரைத்த மனுஷர் குழந்தை மாதிரி விசும்பினார். “காலையில டீசல் போட்ட இடத்துலன்னு நினைச்சேன். அவன் இல்லேங்கறான். இப்பவே வண்டியைத் திருப்பறேன். போலீசுக்குப் போறேன். நீ என்ன வேணும்னாலும் திட்டு.”

தங்கை திட்டவில்லை. டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, காபி ஆறுது.”

கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். துவைத்த சட்டை, படியச் சீவிய தலை.

மெத்தைக் கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எப்படிப்பா வந்தீங்க?”

“பஸ்லதான். நான்தான் உன்கிட்ட சொல்லாம இறங்கிட்டேன். தப்பு என்மேல.”

“எங்களுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே!”

“ஆமாம்ப்பா” என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “இப்பதான். நீ வரதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் வந்தேன்.”

மெத்தைக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் பழைய தெம்பு வந்துவிட்டது. “பார்த்தியாம்மா? நல்லவேளை, இன்னிக்குக் காலையில நடந்தது. உடனே கண்டுபிடிச்சுட்டேன்.”

“அவனுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்ப்பா” என்றாள் தங்கை. பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

“நேத்து ராத்திரி உனக்குப் போன் பண்ணினேனே? ‘அப்பா சாப்பிட்டுட்டு நிம்மதியா படுத்துட்டார், எழுப்ப வேண்டாம்’னு சொன்னியே அண்ணா... அதை அப்பா இங்க என் பக்கத்துல உட்கார்ந்துதான் கேட்டுட்டிருந்தார்.”