தூக்காத கை

ராயபுரத்து இறால் கொட்டகையில், தகரக் கூரையின் ஓட்டை வழியே மாலை வெயில் ஈரத் தரையில் விழுகிறது. காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து, விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போன பெண்கள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். "கன்னியம்மா இறாலத் திருடி மடியில கட்னத பாத்தவங்கல்லாம் கைய தூக்குங்க. அப்பால வூட்டுக்குப் போலாம்" என்கிறார் மேஸ்திரி. யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். நீர் சொட்டச் சொட்ட ஒவ்வொரு கையாக மேலே போகிறது. நாள் முழுக்கக் கன்னியம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அடைக்கலமேரியின் கை மட்டும் தொடைமேல் அப்படியே கிடக்கிறது. "இன்னா மேரி, இத்தினி பேரும் பொய்யா சொல்றாங்க?" "அவங்க கண்ணு எனக்குத் தெரியாது மேஸ்திரி. என் கண்ணு பாக்கல." "அப்போ நீயும் நாளைக்கு வராத." கன்னியம்மா அவள் முழங்கையைப் பிடித்து உலுக்குகிறாள். "தூக்கிடுக்கா. என் வேல எப்டியும் பூட்ச்சு. எனக்கோசரம் நீ ஏன் பேஜாராவுற?" மேரி கண்களை மூடித் திறக்கிறாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. "உனக்கோசரம் இல்லடி. என் கண்ண நானே நம்பலன்னா, அப்பால யார நம்பிகினு வாழறது?" எழப் பார்க்கிறாள். மரத்துப்போன கால் எழ மறுக்கிறது. கன்னியம்மா தோளைக் கொடுக்கிறாள். இருவரும் யாரையும் பார்க்காமல் மெல்ல வாசலைக் கடக்கிறார்கள். கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. "கொஞ்சம் குந்திட்டுப் போலாம்டி" என்கிறாள் மேரி.